மேசைக்காசு

சவரிமுத்துவின் தையல்கடை, பின்னறை.
சனி இரவு எட்டு மணி.
துணி வெட்டும் மேசைதான் ஆட்டமேசை.
சோக்குக் கோடு அழியாத பலகைமேல்
போக்கர் சீட்டு.

கட்டாரிலிருந்து திரும்பிய அவர் மச்சான்
கொண்டுவந்தது இரண்டே இரண்டு:
ஒரு கம்பளி, இந்த ஆட்டம்.
கம்பளி கிழிந்துவிட்டது.

காசுக்குப் பதில் பொத்தான்.
சேட்டுப் பொத்தான் பத்து ரூபாய்,
கோட்டுப் பொத்தான் நூறு,
பித்தளையில் நங்கூரம் பதித்த ஒன்று மட்டும் ஆயிரம்.
அது எவன் மார்பில் இருந்ததோ,
அன்று என் முன்னால் கிடந்தது.
நான் ஜெயித்தது ஆறாயிரத்து நானூறு.

எழும்பும்போதுதான் கேள்வி.
ஆறு பேருக்கு இரண்டு சுற்று பிளேன்டீ,
இஞ்சி தட்டிப் போட்டது.
ரொட்டி, கட்டச் சம்பல்.
நடுச்சாமம் தாண்டி எரிந்த பல்பு.
குளிருக்காக அணையாமல் வைத்த அயன்பெட்டிக் கரி.
இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு.
அதைச் சொல்ல
எங்கள் ஆறு வாயிலும் ஒரு சொல் இல்லை.

நடுவில் குவிந்ததில் பங்கு பிடித்தால்
வீடு சூதுக்கடையாகும்,
பொலிஸ் ஜீப்புக்கு வழி தெரிந்துவிடும்.
கையில் கொடுத்தால் கூலியாகும்.
கொடுக்காமல் போனால்
செருப்பு மாட்டுகிற அந்த ஒரு நிமிஷம்
நீண்டுகொண்டே போகும்.

கண்டக்டர் ஜயதிலக பாண் கொண்டுவருவார்,
வழியிலேயே கால்வாசி தின்றுவிட்டு.
கிளாக்கர் பெரியண்ணன் கொண்டுவருவது தேயிலை.
கடைத்தூள் இல்லை, கப்பலேறுகிற தூள்.
எப்படி என்று கேட்கக் கூடாது.
நான் சும்மா வருகிறவன்.

ஐந்நூறை நாலாக மடித்து
சோசருக்கு அடியில் வைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் பார்த்தார்கள்.

புதன்கிழமை,
ஓரம் அடிக்கக் கொடுத்திருந்த காற்சட்டை வந்தது.
இடுப்புப் பட்டிக்குள் ஏதோ கரகரத்தது.
பிரித்தால் அதே ஐந்நூறு,
அதே நாலு மடிப்பு.
சுற்றிலும் எவ்வளவு நேர்த்தியான தையல்!

சரி, என்றேன்.
அடுத்த வாரம் இன்னொரு காற்சட்டை ஓரம் அடிக்க,
அதற்கடுத்த வாரம் இன்னொன்று.
தையற்கூலி என்றால் வாங்குவார்.
ஐப்பசி முடிவதற்குள்
என்னிடமிருந்த அத்தனை காற்சட்டையும்
கணுக்காலை விட்டு மேலேறிவிட்டன.
அட்டைகளுக்கு வசதி.

பிலோமினாதான் கடை வாசலில் பிடித்துக்கொண்டாள்,
பல்லில் நூலைக் கடித்தபடி:
"அவரு திருப்பித் தச்சாரு, சரி.
என்னைக் கேட்டாரா?
காஸ் சிலிண்டர் யார் தலையில நிக்குது?
வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

அந்தச் சனிக்கிழமை
செருப்புகளுக்கு மேலே, பலகையில்,
ஒரு வெறும் பால்மா டின்.
மூடியில் கத்தியால் ஒரு கீறல்.
எதுவும் எழுதியிருக்கவில்லை.
அதைக் கடக்கும்போது சவரிமுத்து
ஜன்னலைப் பார்ப்பார்.
ஜன்னலில் பனிமூட்டம் தவிர ஒன்றுமில்லை.

மஸ்கெலியாவின் பழைய பட்டணம்
நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.
மழை பொய்த்தால் கோயில் தலை காட்டும்,
நிறைந்தால் படகு அதன்மேல் போகும்.
டின்னைப் பற்றியும் நாங்கள் அப்படித்தான்
பேசாமல் இருக்கப் பழகினோம்.

ஜெயித்தவன் போடும் தாளுக்குச் சத்தமில்லை.
தோற்றவன் போடும் குத்திதான் ஊரைக் கூட்டுகிறது.
ஐந்தா பத்தா என்று
முதுகு காட்டியபடியே சொல்லிவிடுவார் ஜயதிலக,
பஸ்ஸில் பழகிய காது.

நேற்று டிஸ்பென்சரி வடமலை
எல்லாம் விட்டான்.
பஸ்ஸுக்கும் இல்லை, நடக்கப் போகிறான் என்று தெரிந்தது.
ஆனாலும் பலகையடியில் கொஞ்சம் நின்றான்.
டின்னில் ஏதோ விழுந்தது.
ஜயதிலக தலை நிமிர்த்தினார்,
என்ன சத்தம் என்று மட்டும் சொல்லவில்லை.

இன்று காலை பிலோமினா டின்னைக் கவிழ்த்தாள்.
ஒரு வெள்ளைப் பொத்தான்.
மேசைப் பொத்தான் இல்லை,
அறுந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
கொப்பியில் பத்து ரூபாய் என்று எழுதினாள்.
சவரிமுத்து ஊசியில் வெள்ளை நூல் கோத்துச்
சுவர்க் கலண்டரில் குத்தினார்,
அடுத்த சனிக்கிழமையின்மேல்.